வாசகர் கேள்வி–பதில்: யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் பருவம் ஜூன் மாதத்தில் இறுதிச் சுற்றோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அக்டோபர் வரை பந்து ஆடுகளத்தில் இறங்குவதில்லை என்றாலும், வாசகர்களின் கடிதங்கள் அப்போதுதான் பெருகுகின்றன. நேசித்த ஆட்டக்காரர் ஒரே இரவில் வேறு அணிக்கு மாற்றப்பட்ட வருத்தமும், கணக்கு புரியாத குழப்பமும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதே பொருளைச் சுற்றியிருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2024இல் பாஸ்டன் செல்டிக்ஸ் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே ஜூரு ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் நிர்வாகம் அனுப்பிவிட்டது. வென்ற அணியை வென்றவர்களே கலைப்பானேன்? முதலாளிகளின் கஞ்சத்தனம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

பதில்: உண்டு. பணம் ஒரு காரணம்தான். ஆனால் பணத்தை அள்ளிக் கொட்டத் தயாராக இருக்கும் முதலாளியையும் கட்டிப்போடுகிற விதி ஒன்று இப்போது இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான் 2025ஆம் ஆண்டுக் கோடையில் பாஸ்டனில் நடந்தது விளங்கும்.

என்.பி.ஏ.வில் ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1984–85 பருவத்தில் 36 லட்சம் டாலராகத் தொடங்கிய இந்த வரம்பு, 2025–26 பருவத்துக்கு ஏறத்தாழ 15.46 கோடி டாலராக வளர்ந்திருக்கிறது. உச்சவரம்பு என்று பெயர் இருந்தாலும் சில விதிவிலக்குகளின் வழியாக அதைத் தாண்டிச் செல்லலாம். தாண்டிச் செல்கிற அணி, அதற்கும் மேலே உள்ள ஒரு கோட்டை (2025–26 பருவத்தில் ஏறத்தாழ 18.79 கோடி டாலர்) கடந்துவிட்டால் சொகுசு வரி கட்ட வேண்டும். தொடர்ந்து பல ஆண்டுகள் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கும் அணிக்கு வரி விகிதமும் ஏறிக்கொண்டே போகும். இதுவரையில் எல்லாம் பண விவகாரம்தான். பணக்கார முதலாளி ஒருவர் முகம் சுளிக்காமல் கட்டிவிட்டுப் போகலாம்.

2023ஆம் ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையே ஏற்பட்ட புதிய உடன்படிக்கை, இவற்றுக்கெல்லாம் மேலே ‘செகண்ட் ஏப்ரன்’ என்ற இன்னொரு கோட்டைப் போட்டது. 2025–26 பருவத்துக்கு அது ஏறத்தாழ 20.78 கோடி டாலர். இந்தக் கோட்டைத் தாண்டிய அணியிடமிருந்து பறிக்கப்படுவது, அணியைச் செப்பனிடும் கருவிகள். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு 4 கோடி டாலர் வாங்கும் ஆட்டக்காரர் ஒருவர் உங்களுக்குத் தேவைப்படுகிறார், உங்களிடம் 2.5 கோடி வாங்குபவர் ஒருவரும் 1.5 கோடி வாங்குபவர் ஒருவரும் இருக்கிறார்கள். மற்ற அணிகள் இந்த இருவரின் ஊதியத்தையும் கூட்டி அந்த ஒருவரை வாங்கிவிடலாம். கோட்டைத் தாண்டிய அணிக்கு அப்படிக் கூட்டும் உரிமை கிடையாது. கொடுப்பதைவிட ஒரு டாலர் அதிக ஊதியத்தையும் அது திரும்ப வாங்க முடியாது. பேரத்தில் ரொக்கம் சேர்த்துக் கொடுக்க முடியாது. ஏழாண்டுகளுக்குப் பிறகு வரவிருக்கும் டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தனக்குள்ள முதல் சுற்றுத் தேர்வுரிமையைக் கைமாற்றவும் முடியாது. அதாவது, இருக்கிற அணியோடு இருந்துகொள்ள வேண்டியதுதான்.

செல்டிக்ஸ் அணியில் ஜேலன் பிரவுன் 2023இலும் ஜேசன் டேட்டம் 2024இலும் தலா 30 கோடி டாலரைத் தாண்டும் ஐந்தாண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். அணியை அப்படியே வைத்துக்கொண்டால் 2025–26 பருவத்தில் ஊதியமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டும் என்று அப்போதே செய்திகள் கணக்கிட்டன. அந்த நிலையில், 2025 மே மாதம் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியில் அவர் ஆட மாட்டார் என்பது உறுதியானபோது, அந்தச் செலவுக்கும் அந்தக் கட்டுப்பாடுகளுக்கும் ஈடாகக் கோப்பை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. ஹாலிடே போர்ட்லேண்டுக்கும், போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் போனார்கள். லூக் கார்னெட்டும் அல் ஹார்ஃபோர்டும் ஒப்பந்தம் முடிந்து வேறு அணிகளில் சேர்ந்தார்கள். எனக்கும் மனம் வலித்தது. ஹாலிடேயைப் போல எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை நிழலாகத் தொடர்ந்து ஓடுகிறவர்கள் அரிது. ஆனாலும், டேட்டம் திரும்பி வரும் நாளில் அவரைச் சுற்றி அணி கட்ட வழி இருக்க வேண்டுமென்றால், அந்தக் கோடையில் கோட்டுக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டியிருந்தது. அவர்கள் தாமதிக்காமல் இறங்கினார்கள். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

கேள்வி: தன் ஆட்டக்காரரைத் தக்கவைக்க உச்சவரம்பைத் தாண்டலாம் என்கிறார்கள். அப்படியானால் 2023இல் கோப்பை வென்ற டென்வர் நகெட்ஸ், புரூஸ் பிரவுனை ஏன் விட்டுவிட்டது?

பதில்: நீங்கள் சொல்லும் சலுகைக்கு ‘பேர்ட் உரிமை’ என்று பெயர். செல்டிக்ஸின் லாரி பேர்ட் பெயரால் வழங்குவது. ஓர் ஆட்டக்காரர் இடையில் ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணியில் சேரலாம் என்ற நிலையில், அணி மாறாமல் மூன்று பருவங்களை முடித்திருந்தால்தான் அவருடைய அணிக்கு அந்த உரிமை முழுமையாகக் கிடைக்கும். அப்போது உச்சவரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் அவருக்குரிய அதிகபட்ச ஊதியம் வரை கொடுக்கலாம். ஆட்டக்காரர் டிரேட் செய்யப்பட்டால், அதாவது ஒப்பந்தத்தோடு வேறு அணிக்குக் கைமாற்றப்பட்டால், அந்த உரிமையும் அவரோடு புதிய அணிக்குப் போய்விடும் என்பதைக் கவனியுங்கள். பருவத்தின் நடுவே நடக்கும் பல டிரேடுகளில் அணிகள் உண்மையில் வாங்குவது இந்த உரிமையைத்தான்.

புரூஸ் பிரவுன் டென்வரில் ஆடியது ஒரே ஒரு பருவம். ஊதியம் ஏறத்தாழ 65 லட்சம் டாலர். ஓராண்டு மட்டுமே இருந்தவருக்கு முந்தைய ஊதியத்தில் 120 சதவீதம் வரைதான் தரலாம் என்பது விதி. அறுபத்தைந்து லட்சத்தின் 120 சதவீதம் 78 லட்சம். அதே வேளையில், உச்சவரம்புக்குக் கீழே இடம் வைத்திருந்த இண்டியானா பேசர்ஸ் அணி இரண்டு ஆண்டுகளுக்கு 4.5 கோடி டாலர் தர முன்வந்தது. முதல் ஆண்டுக்கு மட்டுமே 2.2 கோடி. டென்வர் நிர்வாகத்துக்கு அவர் மீது எவ்வளவு மதிப்பு இருந்திருந்தாலும் 78 லட்சத்துக்கு மேல் ஒரு டாலர்கூட எழுத முடியாது. பிரவுனின் இடத்தில் யார் இருந்தாலும் போய்த்தான் இருப்பார்கள். இரண்டு தரப்பிலும் தவறில்லாமல் நிகழும் பிரிவுகளில் இது ஒன்று. கோப்பை வெல்லும் அணி தன் பக்கபலங்களை ஒவ்வொருவராக இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். அடுத்த ஆண்டு அதே அணியிலிருந்து கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பும் ஒர்லாண்டோவுக்குப் போனார்.

கேள்வி: ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும் நட்சத்திர ஆட்டக்காரரை முன்கூட்டியே டிரேட் செய்துவிடுவது நல்லதா, கடைசி வரை நம்பிக் காத்திருப்பது நல்லதா? உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லுங்கள்.

பதில்: பல ஆண்டுகளாக இந்தக் கோடைக்கால முடிவுகளைப் பின்தொடர்ந்து வருகிறவன் என்ற முறையில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஓர் அணி ஆட்டக்காரரின் திறமையைத் தவறாக எடைபோடுவதால் இழப்பதைவிட, எடைபோட்டு முடித்த பிறகும் முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதால் இழப்பதே அதிகம்.

டல்லஸ் மேவரிக்ஸ் அணியையும் ஜேலன் பிரன்சனையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2021–22 பருவத்தில், நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5.55 கோடி டாலர் என்ற அளவில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க விதி இடம் கொடுத்தது. இரண்டாம் சுற்றில் தேர்வான, உயரம் குறைந்த ஒரு கார்டுக்கு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) அது போதுமா அதிகமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டே இருந்தது. வழக்கமான ஆட்டங்கள் முடிந்து, கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃப் தொடங்கியது. யூட்டா அணிக்கு எதிரான முதல் மூன்று ஆட்டங்களில் லூகா டான்சிச் கெண்டைக்கால் காயத்தால் களமிறங்கவில்லை. அணியைத் தோளில் சுமந்த பிரன்சன் இரண்டாம் ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்தார். டல்லஸ் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை சென்றது. அதற்குள் பிரன்சனின் விலை எங்கோ போய்விட்டது. அந்தக் கோடையில் நியூயார்க் நிக்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 10.4 கோடி டாலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. டல்லஸுக்கு ஒரு தேர்வுரிமைகூட மிஞ்சவில்லை. அதே பிரன்சன் 2024இல், ஓராண்டு காத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஏறத்தாழ 11 கோடி டாலரை விட்டுக்கொடுத்து, நிக்ஸ் அணியோடு 15.65 கோடிக்கு நீட்டிப்புச் செய்துகொண்டார். உரிய காலத்தில் மதித்த இடத்துக்கு அவர் திருப்பிச் செய்த மரியாதையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

ஒரே ஆட்டக்காரர் இரண்டு அணிகளை விட்டுப் போனபோது அந்த அணிகளுக்கு என்ன ஆனது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2016ஆம் ஆண்டு, புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் வருவாயால் உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.41 கோடிக்கு ஒரே தாவலில் உயர்ந்தது. ஏற்கெனவே வலுவாக இருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு அதனால் திடீரென்று இடம் கிடைத்தது. கெவின் டுராண்ட் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியை விட்டு அங்கே போனார். ஓக்லஹோமாவுக்குக் கைம்மாறாக ஒன்றுமே கிடைக்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து அதே டுராண்ட் வாரியர்ஸை விட்டு புரூக்லினுக்குப் போக முடிவு செய்தார். வாரியர்ஸ் நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. புரூக்லினுக்கு கைரி இர்விங் வந்துவிட்டதால் அங்கே இனி இடமில்லாமல் போன டி’ஏஞ்சலோ ரசலை, டுராண்டுக்கு ஈடாகப் பெறும் விதத்தில் அந்தப் பிரிவையே ஒரு டிரேடாக மாற்றிவிட்டது. அதற்கு விலையும் கொடுத்தது. ஊதியக் கணக்கில் இடம் செய்வதற்காக, 2015ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரான ஆண்ட்ரே இகுவோடாலாவை ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையோடு சேர்த்து மெம்பிஸுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ரசல் அந்த அணிக்குப் பொருந்தவில்லை, எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் 2020 பிப்ரவரியில் அவரைக் கொடுத்து மினசோட்டாவிலிருந்து ஆண்ட்ரூ விக்கின்ஸையும் ஒரு தேர்வுரிமையையும் வாங்கினார்கள். 2022இல் வாரியர்ஸ் மீண்டும் கோப்பையைத் தூக்கியபோது, பாஸ்டனுக்கு எதிரான இறுதிச் சுற்றில் டேட்டமை விடாமல் துரத்திக்கொண்டிருந்தவர் அந்த விக்கின்ஸ்தான்.

இதற்கு நேர்மாறான பாடமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2012இல் இறுதிச் சுற்றில் தோற்ற சில மாதங்களில், ஒப்பந்த நீட்டிப்பில் உடன்பாடு எட்டாததால், ஓக்லஹோமா சிட்டி 23 வயதான ஜேம்ஸ் ஹார்டனை அக்டோபர் 27 அன்று ஹூஸ்டனுக்கு டிரேட் செய்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு முழுப் பருவம் இருந்தது. அதன் பிறகும், வேறு அணி என்ன தொகை சொன்னாலும் அதற்கு ஈடு கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை ஓக்லஹோமாவிடமே இருந்திருக்கும். ஹார்டன் 2018இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். முன்கூட்டியே முடிவெடுப்பதும் அவசரப்படுவதும் வேறு வேறு. கையில் உரிமை மிச்சமிருக்கும் காலத்தை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது முதலாவது. அந்தக் காலம் இருப்பதையே மறந்து பதறுவது இரண்டாவது. ஹார்டன் விஷயத்தில் நடந்தது பதற்றம் என்பதே என் எண்ணம்.

கேள்வி: ஓர் அணியில் எத்தனை பேர் இருக்கலாம்? இந்த முடிவுகள் எந்தத் தேதிகளில் நடக்கின்றன?

பதில்: வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர், அவர்களைத் தவிர, துணை லீகிலும் முதன்மை அணியிலும் மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் 3 பேர். ஜூன் பிற்பகுதியில் டிராஃப்ட். ஜூன் 30 மாலை ஃப்ரீ ஏஜென்டுகளோடு பேரம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஜூலை 6 அன்று கையெழுத்து. இடைப்பட்ட நாள்களில் வாய்வார்த்தைதான்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்த ‘ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்’ ஒருவரை, வேறு அணி சொல்லும் தொகைக்கு ஈடு கொடுத்து இழக்காமல் காப்பாற்றிக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு என்கிறார்கள். அப்படியானால் அந்த உரிமையை எப்போதும் பயன்படுத்திவிட வேண்டியதுதானே?

பதில்: அந்த உரிமை ஆளைக் காப்பாற்றித் தரும், உறவைக் காப்பாற்றித் தராது. 2022இல் டியாண்ட்ரே எய்ட்டனுக்கு இண்டியானா நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 13.3 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அவரை 2018 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த ஃபீனிக்ஸ் சன்ஸ், தானாக முன்வந்து அந்தத் தொகையைக் கொடுக்காமல் இருந்துவிட்டு, இன்னொருவர் சொன்ன பிறகு அதே தொகைக்கு ஈடு கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே போர்ட்லேண்டுக்கு அனுப்பியும் விட்டது. வேறு யாரோ விலை சொல்லிய பிறகே தன் மதிப்பு தன் வீட்டில் உணரப்பட்டது என்று நினைக்கும் ஆட்டக்காரர் மனமொப்பி ஆடுவது கடினம்.

கேள்வி: டொராண்டோ அணிக்காக ஒன்பது ஆண்டுகள் உழைத்த டெமார் டிரோசனை 2018இல் தூக்கியெறிந்தார்கள். கோப்பை கிடைத்தது என்பதற்காக அது நியாயமாகிவிடுமா? விசுவாசத்துக்கு இந்த விளையாட்டில் இடமே இல்லையா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதிலிருந்த கோபம் நியாயமானது. டிரோசன் 2009 டிராஃப்டில் டொராண்டோவுக்கு வந்தவர். நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக விட்டுப் போன ஓர் அணியில், இதுவே என் ஊர் என்று சொல்லி நின்றவர். 2016இல் ஃப்ரீ ஏஜென்டான போதும் டொராண்டோவோடே ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டவர். 2018 ஜூலை 18 அன்று அவரைக் கொடுத்து சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிலிருந்து கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினார்கள். தன்னை டிரேட் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை தனக்குத் தரப்பட்டிருந்ததாக டிரோசன் வெளிப்படையாகவே வருந்தினார். அணித் தலைவர் மசாய் உஜிரி செய்தியாளர் கூட்டத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். டிரேட் செய்தது சரியா என்பது ஒன்று. அவரிடம் நடந்துகொண்ட விதம் சரியா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், சரி என்பதுதான். டிரோசன் தலைமையில் அந்த அணி 2016 முதல் 2018 வரை ஆண்டுதோறும் பிளேஆஃப் வரை சென்று லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்டிடம் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதே அணியை இன்னும் மூன்றாண்டு வைத்திருந்தால் அதே முடிவு மூன்று முறை கிடைத்திருக்கும். லெனார்ட் ஓராண்டில் போய்விடக்கூடும் என்று தெரிந்தே வாங்கினார்கள். அவர் 2019இல் கோப்பையை வென்று கொடுத்துவிட்டு அந்தக் கோடையிலேயே போகவும் செய்தார். கனடாவின் அணி ஒன்று என்.பி.ஏ. கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

இரண்டாம் கேள்விக்கு என் பதில், சரியில்லை என்பதுதான். கோப்பை அதை மாற்றாது. ‘உன்னை அனுப்பினாலும் அனுப்புவோம்’ என்று ஒருவரிடம் நேருக்கு நேர் சொல்வதால் பேரத்தில் சிறு சங்கடம் ஏற்படலாம். சொல்லாமல் விடுவதால் ஒன்பது ஆண்டு உறவு ஒரு தொலைபேசி அழைப்பில் முறிகிறது. ஆட்டக்காரருக்கு வீடு இருக்கிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த ஊரில் வேர் பிடித்த வாழ்க்கை இருக்கிறது. டிரேட்டை மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதற்கு லீகில் எட்டு ஆண்டுகளும், அவற்றில் அந்த அணியில் நான்கு ஆண்டுகளும் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகுதி இருந்தும் அதைப் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். டிர்க் நோவிட்ஸ்கி டல்லஸில் 21 பருவங்கள், டிம் டங்கன் சான் அன்டோனியோவில் 19 பருவங்கள் என்று ஒரே அணியில் ஆடி முடித்த வரலாறுகளும் உண்டு. அவற்றில் விசுவாசம் இரு பக்கமும் இருந்தது. அந்த இரு அணிகளும் அவர்களை வைத்துக் கோப்பை வென்றன என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: டேமியன் லில்லார்டுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பாக்கியிருக்க, மில்வாக்கி அணி அவருக்குப் பணமும் கொடுத்து வெளியேயும் அனுப்பியது. இது என்ன கணக்கு?

பதில்: ஆடாத ஒருவருக்குப் பணம் கொடுப்பது விந்தையாகத் தோன்றும்; கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் இண்டியானாவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் லில்லார்டின் குதிகால் தசைநார் அறுந்தது. அவருக்குத் தர வேண்டிய பாக்கி இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11.3 கோடி டாலர். விடுவிக்கப்பட்ட ஆட்டக்காரரின் பாக்கியை, மீதமுள்ள ஆண்டுகளை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் வரும் ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கில் எழுதலாம் என்றொரு விதி இருக்கிறது. இரண்டை இரட்டித்தால் நான்கு, ஒன்றைக் கூட்டினால் ஐந்து. ஆக, ஆண்டுக்கு 5.5 கோடிக்கு மேல் இருந்த சுமை ஏறத்தாழ 2.25 கோடியாகக் குறைந்தது. அப்படிக் கிடைத்த இடத்தில், இண்டியானாவில் பத்துப் பருவங்கள் ஆடிய மைல்ஸ் டர்னரை நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மில்வாக்கி வாங்கியது.

இந்த முடிவு எனக்கு உடன்பாடானதல்ல. களத்தில் இல்லாத ஒருவரின் பெயரில் 2029–30 பருவம் வரை ஆண்டுதோறும் 2.25 கோடி டாலர் கணக்கில் நின்றுகொண்டிருக்கும். இன்றைய ஓர் இடத்தை நிரப்ப ஐந்து ஆண்டுகளின் இடத்தை அடகு வைத்திருக்கிறார்கள். யானிஸ் ஆன்டெட்டோகவுன்போ போன்ற ஒருவர் அணியில் இருக்கும்போது ஓராண்டையும் வீணாக்கக் கூடாது என்ற தவிப்பு அவர்களைத் தள்ளியிருக்கிறது. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. லில்லார்டுக்கு இதனால் நன்மைதான் நேர்ந்தது. தான் பதினொரு பருவங்கள் ஆடிய போர்ட்லேண்டுக்கே அவர் திரும்பிப் போனார்.

கேள்வி: ஒரு டிரேட் நல்லதா கெட்டதா என்று ஜூலை மாதத்திலேயே மதிப்பெண் போடுகிறார்கள். உண்மையில் எவ்வளவு காலம் பொறுத்திருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்? தேர்வுரிமைகளை அள்ளிக் கொடுப்பதைப் பற்றியும் விளக்கவும்.

பதில்: தேர்வுரிமையில் இருந்தே தொடங்குகிறேன். 2013ஆம் ஆண்டுக் கோடையில் புரூக்லின் நெட்ஸ், வயது முதிர்ந்த கெவின் கார்னெட்டையும் பால் பியர்சையும் பாஸ்டனிலிருந்து வாங்க, 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்ததோடு, 2017இல் தேர்வு வரிசையில் தன் இடத்தை பாஸ்டன் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. அன்றைய தினம் பலரும் புரூக்லினைக் கோப்பைக்குப் போட்டியிடும் அணி என்றே பேசினார்கள். 2016இன் உரிமை ஜேலன் பிரவுன் ஆனது; 2017இன் உரிமையிலிருந்து ஜேசன் டேட்டம் வந்தார். ஒரு கோடையின் ஆசைக்குக் கொடுத்த விலையில் இன்னோர் அணி பத்தாண்டுகளுக்கு வாழ்ந்தது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று உரிமையே இல்லாத நிலைக்கு ஓர் அணி தன்னைக் கொண்டுபோகக் கூடாது என்று லீகில் ஒரு தடை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் அணியின் எதிர்காலத்தையே விற்றுத் தீர்த்த முதலாளி டெட் ஸ்டெப்பியனின் பெயரால் அது ஸ்டெப்பியன் விதி எனப்படுகிறது. ஒன்று விட்டு ஒன்றாக உரிமைகளைக் கொடுத்து, இடைப்பட்ட ஆண்டில் இடமாற்ற உரிமையைச் செருகி, புரூக்லின் அந்த விதியை மீறாமலேயே தன்னைக் காலி செய்துகொண்டது.

எவ்வளவு காலம் பொறுப்பது என்பதற்கு, ஒரு சங்கிலியை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன். 2011 டிராஃப்ட் இரவில் சான் அன்டோனியோ, பயிற்சியாளர் கிரெக் போப்போவிச்சுக்கு மிகவும் பிடித்தமான ஜார்ஜ் ஹில்லை இண்டியானாவுக்குக் கொடுத்து, பதினைந்தாவது இடத்தில் தேர்வான கவாய் லெனார்டை வாங்கியது. ஹில் அப்போதே நம்பகமான ஆட்டக்காரர்; லெனார்ட் கல்லூரியிலிருந்து வந்த, தொலைவிலிருந்து எறியத் தடுமாறிய இளைஞர். அந்த இரவில் மதிப்பெண் போட்டிருந்தால் சான் அன்டோனியோவுக்கு அதிகம் கிடைத்திருக்காது. மூன்றாண்டுகளில், 2014இல், லெனார்ட் அந்த அணிக்குக் கோப்பையையும் தனக்கு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். அவரே 2018இல் டிரோசனுக்கு ஈடாக டொராண்டோவுக்குப் போய், 2019இல் அங்கும் கோப்பையை வென்று, அதே கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸை நோக்கித் திரும்பினார். தன்னோடு இன்னொரு நட்சத்திரம் வர வேண்டும் என்று அவர் விரும்பியதால், கிளிப்பர்ஸ் ஓக்லஹோமா சிட்டியிடம் பால் ஜார்ஜைக் கேட்டது. ஓக்லஹோமா நிர்வாகத்தின் தலைவர் சாம் பிரெஸ்டி கேட்ட விலை ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், இரண்டு இடமாற்ற உரிமைகள், டனிலோ கலினாரி, கூடவே லீகில் ஒரே ஒரு பருவம் ஆடி முடித்திருந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞர். ஹார்டனையும் டுராண்டையும் இழந்த அதே அணி, இம்முறை யாரும் போய்விடும் வரை காத்திருக்கவில்லை.

அன்று கிளிப்பர்ஸின் பெயர்தான் எல்லோர் வாயிலும் இருந்தது. 2020–21, 2021–22 பருவங்களில் ஓக்லஹோமா தோல்விகளின் அடிமட்டத்துக்கு இறங்கியது. 2022இல் கிளிப்பர்ஸிடமிருந்து வந்த பன்னிரண்டாவது தேர்வுரிமையில் ஜேலன் வில்லியம்ஸைப் பிடித்தார்கள். 2025 ஜூனில், இண்டியானாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் வென்று ஓக்லஹோமா கோப்பையைத் தூக்கியபோது, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்குத்தான் கிடைத்தன. டிரேட் நடந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பேரத்தில் கைமாறிய ஐந்து தேர்வுரிமைகளில் கடைசியானது 2026ஆம் ஆண்டு டிராஃப்டுக்கு உரியது.